சுவரையும் தளத்தையும் துளையிடும் முன் ரேடார் ஸ்கேன்: முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் குளியலறையைப் புதுப்பித்தபோது, கழிவுநீர்க் குழாய்க்காகத் தளத்தில் 125 மி.மீ. விட்டத்தில் ஒரு துளை தேவைப்பட்டது. கோர் கட்டிங் (கான்கிரீட்டை உருளையாக வெட்டியெடுத்துத் துளையிடுவது) செய்ய வந்தவர் தரையைப் பார்த்து, “இங்கே ஒன்றும் இருக்காது சார்” என்றார். நானும் நம்பினேன். பத்து நிமிடத்தில் கீழ்வீட்டில் மின்சாரம் போனது. வெளியே வந்த கான்கிரீட் உருளையின் பக்கவாட்டில், வெட்டுப்பட்ட ஒரு மெயின் கம்பியின் (தளத்தைத் தாங்கும் இரும்புக் கம்பியின்) பளபளப்பான முனையும், பாதியாக அறுந்த பி.வி.சி. பைப்பும், அதற்குள் சிவப்பும் கறுப்புமாக மூன்று வயர்களும் தெரிந்தன. கீழ்வீட்டின் வயரிங், பொறியாளரின் ஆலோசனை, துளையை அடைத்தல், மீண்டும் பெயின்ட் என்று அந்த ஒரு துளைக்கு நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் செலவானது.

இரண்டாவது துளைக்கு முன் ரேடார் ஸ்கேன் எடுத்தேன். அதையும் முதல் முறை தவறாகவே செய்து, பணம் கொடுத்து மறுபடியும் எடுக்க நேர்ந்தது. அந்த இரண்டு முறைகளிலும் நான் கற்றுக்கொண்டவற்றை, வீட்டு உரிமையாளர்களுக்கும் சிறிய ஒப்பந்ததாரர்களுக்கும் பயன்படும் வகையில் வரிசையாக எழுதுகிறேன்.

1. கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜி.பி.ஆர். (கிரவுண்ட் பெனிட்ரேட்டிங் ரேடார்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கருவி, கையடக்கமான ஒரு பெட்டியிலிருந்து ரேடியோ அலைத் துடிப்புகளைச் சுவருக்குள் அனுப்புகிறது. ஒரு பொருளிலிருந்து வேறு மின்தன்மை கொண்ட இன்னொரு பொருளுக்குள் அலை நுழையும் இடத்தில் அதன் ஒரு பகுதி எதிரொலித்துத் திரும்புகிறது. திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து ஆழம் கணக்கிடப்படுகிறது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, காற்று நிறைந்த பைப், நீர் நிறைந்த குழாய், வெற்றிடம், தளத்தின் மறுபக்கம் ஆகிய எல்லாமே எதிரொலி தரும். ஆனால் கருவிக்குத் தெரிவது “இங்கே ஏதோ மாறுகிறது” என்பது மட்டுமே. அது கம்பியா குழாயா என்று முடிவு செய்வது திரையைப் படிக்கும் மனிதர்தான். ஆகையால் நீங்கள் பணம் கொடுப்பது கருவிக்கு அல்ல, அந்த மனிதரின் பழக்கத்துக்கு.

எக்ஸ்ரே படத்தைப் போல ஒரு தெளிவான உருவத்தை எதிர்பார்த்து யாரும் போக வேண்டாம். எக்ஸ்ரே எடுப்பதற்குச் சுவரின் இரு பக்கமும் தேவை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டு, சுற்றிலும் ஆட்களை அகற்றிவிட்டுத்தான் அதைச் செய்ய வேண்டும். ரேடாருக்கு ஒரு பக்கம் போதும், கதிர்வீச்சு ஆபத்தும் இல்லை, வீட்டில் ஆட்கள் இருக்கும்போதே செய்யலாம். “பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் தெரிவார்களா?” என்று என்னிடம் பலர் கேட்டார்கள். சுவருக்கு அப்பால் இருக்கும் மனிதர்களைக் கண்டறிவதற்கென்று உருவாக்கப்படும் ரேடார்கள் வேறு வகை. இந்தியாவில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் பெங்களூரு ஆய்வகம் ‘திவ்யசக்ஷு’ என்ற பெயரில் அப்படி ஒன்றை உருவாக்கியது. கட்டடம் ஸ்கேன் செய்யும் கருவி அந்த வேலையைச் செய்யாது.

இன்னொரு கேள்வி, உங்களுக்கு ரேடாரே தேவையா என்பது. செங்கல் சுவரில் ஆணி அடிக்கவும், டி.வி. மாட்டவும், ஏ.சி. குழாய் விடவும் ரேடார் ஸ்கேன் என்பது கொசுவை விரட்டப் பீரங்கி கொண்டுவருவதைப் போன்றது. மேலும் பூச்சுக்கு உடனடியாகக் கீழே, ஒன்றரை செ.மீ. ஆழத்தில் ஓடும் வயர்களை, மேற்பரப்பிலிருந்தே வரும் வலுவான முதல் எதிரொலி மறைத்துவிடக்கூடும். அத்தகைய வேலைகளுக்கு மின்னோட்டத்தையும் உலோகத்தையும் உணரும் சிறிய டிடெக்டர் போதும். வாடகைக்கும் கிடைக்கும் பாஷ் டி-டெக்ட் போன்ற சுவர் ஸ்கேனர்கள் தமக்குள் சிறிய ரேடாரையே கொண்டிருப்பதால், நடுத்தர வேலைகளுக்கு அவை பொருந்தும். தளம், பீம், தூண் ஆகியவற்றில் கோர் கட்டிங் செய்வது, பழைய சுவரை எடுப்பது, தடித்த சுவருக்குள் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்ப்பது ஆகியவற்றுக்கு மட்டும் ஆளை அழைத்து ஸ்கேன் எடுங்கள்.

2. ஆவணங்களைத் திரட்டுங்கள்

இந்தப் படியை நான் தவிர்த்ததுதான் என் முதல் ஸ்கேன் வீணானதற்குப் பாதிக் காரணம்.

சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது உள்ளாட்சி அனுமதித்த வரைபடம் எல்லோரிடமும் இருக்கும். அதில் அறைகளும் அளவுகளும் இருக்குமே தவிர, கம்பிகள் இருக்காது. உங்களுக்குத் தேவை ஸ்ட்ரக்சுரல் டிராயிங். அதாவது தளத்தின் தடிமன், மெயின் கம்பி எந்தத் திசையில் எந்த இடைவெளியில் ஓடுகிறது, பீம்கள் எங்கே இருக்கின்றன என்பவற்றைக் காட்டும் தாள்கள். இது பெரும்பாலும் கட்டியவரிடமோ குடியிருப்போர் சங்கத்தின் அலமாரியிலோ இருக்கும். கிடைத்தால் மின் வரைபடத்தையும் குழாய் வரைபடத்தையும் வாங்கி வையுங்கள். கான்கிரீட் ஊற்றும் முன் யாராவது எடுத்த புகைப்படம் கிடைத்தால் அது மற்ற எல்லாத் தாள்களையும்விட மேலானது. எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர், வீடு கட்டும்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து எடுத்து வைத்த ஆல்பத்தில், ஒரே மாதிரியான தளத்தில் மின் பைப்புகள் பரப்பப்பட்டிருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன்.

வரைபடத்தில் ‘போஸ்ட் டென்ஷன்’ என்ற சொல் எங்காவது இருந்தால் அத்துடன் நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அத்தகைய தளங்களில் இழுத்துக் கட்டப்பட்ட எஃகுக் கேபிள்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை வெட்டினால் தளத்தின் வலிமை குறைவதோடு, கேபிள் சீறி வெளியே வந்து ஆளையே தாக்கவும் கூடும்.

அடுக்குமாடி என்றால் இரண்டு கடிதங்களும் தேவை: சங்கத்தின் தடையின்மைக் கடிதம், தளத்தைத் துளையிடுவதாக இருந்தால் கீழ்வீட்டாரின் எழுத்துபூர்வமான சம்மதம். எனக்குச் சங்கக் கடிதம் வர ஒன்பது நாட்கள் ஆயின. கீழ்வீட்டாரின் சம்மதக் கடிதத்தில் “ஸ்கேன் எடுக்க ஒரு நாள், துளையிட ஒரு நாள், எங்கள் வீட்டுக்குள் வர அனுமதிக்கிறோம்” என்று இரண்டு நாட்களையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஏன் அவர்களுடைய வீட்டுக்குள் போக வேண்டும் என்பதை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

3. விலைப்புள்ளி கேட்கும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை

கட்டடங்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள், கோர் கட்டிங் நிறுவனங்கள், நிலத்தடிக் குழாய்களைத் தேடித் தரும் சர்வே நிறுவனங்கள் என மூவகையினரும் இந்த வேலையைச் செய்கிறார்கள். மூன்றாம் வகையினரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அவர்களிடம் இருக்கும் கருவி பெரும்பாலும் 400 மெகாஹெர்ட்ஸ் அளவிலான ஆண்டெனாவைக் கொண்டது. சாலைக்குக் கீழே ஓரிரு மீட்டர் ஆழத்தில் குழாய் தேட அது சரி. ஐந்து அங்குலத் தளத்துக்குள் இருக்கும் கம்பிகளை அது ஒன்றாகக் குழப்பிக் காட்டும். கான்கிரீட் வேலைக்கு 1.6 ஜிகாஹெர்ட்ஸ் அல்லது 2.6 ஜிகாஹெர்ட்ஸ் ஆண்டெனா வேண்டும். முன்னது ஏறத்தாழ 45 செ.மீ. வரையும், பின்னது ஏறத்தாழ 30 செ.மீ. வரையும், கான்கிரீட் நன்றாக உலர்ந்திருந்தால், பார்க்கும். அலைவெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், ஆழம் குறையும். பழைய வீடுகளின் ஒன்றரை அடிச் செங்கல் சுவரைப் பார்க்க வேண்டுமானால் 900 மெகாஹெர்ட்ஸ் பொருத்தமாக இருக்கும். எனவே தொலைபேசியில் முதல் கேள்வியாக “உங்கள் ஆண்டெனா எத்தனை மெகாஹெர்ட்ஸ்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரை அழைக்காதீர்கள்.

கட்டணத்தை ஒருவர் நாள் கணக்கிலும், இன்னொருவர் சதுர மீட்டர் கணக்கிலும், வேறொருவர் துளை ஒன்றுக்கு இவ்வளவு என்றும் சொல்வார்கள் என்பதால் அப்படியே ஒப்பிட முடியாது. உங்கள் வேலையின் அளவைச் சொல்லி, மொத்தத் தொகையாகக் கேளுங்கள். எனக்கு வந்த விலைப்புள்ளிகளில் ஒன்று, ஒரு துளையானாலும் பத்து துளையானாலும் முழு நாளுக்கு 25,000 ரூபாய் என்றது. நான் ஏற்றுக்கொண்ட மற்றொன்று அரை நாளுக்கு 14,000 ரூபாய் என்றது. ஆனால் எழுத்து வடிவ அறிக்கைக்கு 4,000 தனி என்பதும், 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. தனி என்பதும் பில் வந்தபோதுதான் தெரிந்தது. ஆக 18,000 ரூபாயும், அதன் மேல் வரி 3,240 ரூபாயும் சேர்ந்து 21,240 ரூபாய் கொடுத்தேன். இவை என் ஊரில், என் வேலைக்கு வந்த தொகைகள். உங்கள் ஊருக்கு அவை பொருந்த வேண்டிய கட்டாயமில்லை. பயணச் செலவு, அறிக்கை, வரி, மறுமுறை வர நேர்ந்தால் கட்டணம் ஆகிய நான்கையும் விலைப்புள்ளியிலேயே எழுதித் தரச் சொல்வது எந்த ஊருக்கும் பொருந்தும்.

சுவரிலோ சீலிங்கிலோ நேரடியாகக் குறியிட்டுத் தருவது கட்டணத்தில் அடங்குமா என்றும் கேளுங்கள். குறியிடாமல் ‘டேட்டா’வை மட்டும் எடுத்துச் சென்று ஒரு வாரம் கழித்து பி.டி.எஃப். அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. கோர் கட்டிங் செய்பவர் பி.டி.எஃப். பார்த்துத் துளையிட மாட்டார்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் மூலம் ஒரு கருவியை வாங்கி வரலாமே என்று தோன்றினால், ரேடியோ அலை பரப்பும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் ஒப்புதல் விதிகள் இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். இங்கே விற்கும் முகவரிடமே வாங்குவதுதான் சிக்கலற்ற வழி. ஆனால் ஒரு வேலைக்காக வாங்குவது எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகாது.

4. நாளைத் தேர்ந்தெடுங்கள்: ஈரம்தான் பெரிய எதிரி

ரேடியோ அலை காற்றில் ஒரு நானோ வினாடிக்கு 30 செ.மீ. போகும். உலர்ந்த செங்கல் சுவரில் ஏறத்தாழ 15 செ.மீ., கான்கிரீட்டில் ஏறத்தாழ 10 முதல் 12 செ.மீ., தண்ணீரில் மூன்று செ.மீ.க்குச் சற்று மேல். சுவருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் அலையின் வேகம் குறைகிறது, வலிமையும் கரைகிறது. கடலோர ஊர்களில் உப்புக் கலந்த ஈரம் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே மழைக்காலத்தில் ஒழுகிய சீலிங்கை அந்த வாரமே ஸ்கேன் செய்வது பணத்தை வீணாக்குவதாகும். கசிவை நிறுத்தி, சில வாரங்கள் உலரவிட்டு அழையுங்கள். முடிந்தால் கோடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக ஊற்றிய கான்கிரீட்டிலும் இதே பிரச்சினைதான். முதல் சில வாரங்களில் அதில் நீர் மிகுந்திருப்பதால் ஆழமாகப் பார்க்க முடியாது. ஓரிரு மாதங்களாவது கடக்கட்டும்.

நேரக் கணக்கு இது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத்தில், பத்து செ.மீ. இடைவெளியில் கோடு போட்டால், ஒரு திசைக்கு 11 என மொத்தம் 22 கோடுகள் வரும். கருவி ஓட்டுவதும், படிப்பதும், குறியிடுவதும் சேர்த்து அந்தச் சதுரத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து இடங்கள் இருந்தால் அரை நாள் போதும். எழுத்து வடிவ அறிக்கை எனக்கு நான்காம் நாள் வந்தது.

5. எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது என்பதை முடிவு செய்து இடத்தைத் தயார் செய்யுங்கள்

என் முதல் ஸ்கேன் இங்கேதான் தோற்றது. குளியலறைத் தளம் தாழ்த்தி அமைக்கப்பட்டு, அதன் மேல் செங்கல் ஜல்லியும் மணலும் நிரப்பி, சிமென்ட் பூசி, டைல்ஸ் ஒட்டப்பட்டிருந்தது. பல ஆண்டுகளாக ஊறிய அந்த ஜல்லிக்குள் அலை நுழைந்ததும் காணாமல் போனது. திரையில் மேலே சில குழம்பிய பட்டைகள், கீழே வெறும் சாம்பல் நிறம். ஸ்கேன் எடுத்தவர் நேர்மையானவர். “மேலிருந்து எதுவும் சொல்ல முடியாது, கீழ்வீட்டுச் சீலிங்கிலிருந்து பார்க்க வேண்டும்” என்றார். கீழ்வீட்டார் அன்று ஊரில் இல்லை.

மொட்டைமாடிக்கும் இதுவே விதி. நம் ஊர் மொட்டைமாடிகளில் கான்கிரீட்டின் மேல் சுர்க்கியும் தட்டோடும் மூன்று நான்கு அங்குலத்துக்கு இருக்கும் என்பதால், மேலிருந்து பார்ப்பதைவிடக் கீழ் அறையின் சீலிங்கிலிருந்து பார்ப்பது எப்போதும் மேல். சீலிங் பக்கத்தில் கம்பிகள் இரண்டு செ.மீ. ஆழத்திலேயே இருப்பதால் படமும் கூர்மையாக வரும்.

சீலிங்கைப் பார்ப்பதாக இருந்தால் ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றியாக வேண்டும். கருவி பரப்பை ஒட்டி உருள வேண்டும், இடையில் காற்று இருக்கக் கூடாது. சுவராக இருந்தால் மாட்டியிருக்கும் அலமாரி, கண்ணாடி, வார்ட்ரோப் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். கண்ணாடியின் பின்பூச்சு உலோகமானது, அதைக் கடந்து ரேடாரால் எதையும் பார்க்க முடியாது. அலுமினியத் தாள் ஒட்டிய வெப்பத் தடுப்புப் பலகையும் அப்படியே.

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் கோழிவலை. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் பூச்சு வெடிக்காமல் இருக்க மேஸ்திரிகள் கம்பிவலை அடித்துப் பூசுவார்கள். அந்த வலையின் கண்கள் அலைநீளத்தைவிடச் சிறியவை என்பதால் ரேடாருக்கு அது ஏறத்தாழ ஒரு இரும்புத் தகடு. அந்தப் பட்டைக்குள் ஸ்கேன் எடுத்துவிட்டு “உள்ளே ஒன்றும் இல்லை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே எதையும் பார்க்க முடியவில்லை என்பதே அதன் பொருள்.

சுவரின் மறுபக்கத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு அப்பால் ஒட்டி நிற்கும் இரும்புப் பீரோ, திரையில் சுவருக்குள் இருக்கும் பெரிய தகட்டைப் போல வரும். பீரோ சுவரிலிருந்து தள்ளி நின்றால், நடுவில் இருக்கும் காற்றில் அலை வேகமாகப் போவதால், ஆழக் கணக்கும் தப்பாகும். பீரோவை ஓரடி நகர்த்தி மறுபடியும் ஓட்டினால் எதிரொலி நகர்கிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

6. வேகத்தை உங்கள் கட்டடத்திலேயே அளக்கச் சொல்லுங்கள்

கருவிக்கு ஆழம் தெரியாது, நேரம்தான் தெரியும். அதை ஆழமாக மாற்ற அலையின் வேகத்தை இயக்குபவர் உள்ளிட வேண்டும். பலர் முந்தைய வேலையின் எண்ணை அப்படியே விட்டுவிடுவார்கள். இதைத் தவிர்க்க, தடிமன் அளக்க முடிந்த ஒரு இடத்தில், உதாரணமாக மாடிப்படித் திறப்பின் ஓரத்தில், முதலில் ஒருமுறை ஓட்டச் சொல்லுங்கள். எங்கள் தளம் அளவு நாடாவில் 12.5 செ.மீ. இருந்தது. மறுபக்கத்தின் எதிரொலி 2.3 நானோ வினாடியில் வந்தது. போகவும் வரவும் 25 செ.மீ. என்பதால், வேகம் நானோ வினாடிக்கு ஏறத்தாழ 10.9 செ.மீ. கருவியில் முன்பே இருந்த எண் 12. அதை மாற்றாமல் விட்டிருந்தால் அதே தளம் 13.8 செ.மீ. என்று காட்டியிருக்கும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்ய மறுப்பவரிடம் வேலையைத் தொடர வேண்டாம்.

7. குறுக்கிலும் நெடுக்கிலும் ஓட்டுவதை உறுதி செய்யுங்கள்

ஓடும் பாதைக்குக் குறுக்காகக் கிடக்கும் கம்பியைத்தான் கருவி நன்றாகக் காணும். பாதைக்கு இணையாக, நேர் கீழே ஓடும் கம்பி ஒரு தட்டையான பட்டையாகத் தெரிந்து, தளத்தின் அடிப்பரப்பு என்றே தோன்றி ஏமாற்றிவிடும். ஆகையால் இரண்டு திசைகளிலும் ஓட்டாத ஸ்கேன் அரை ஸ்கேன். துளை விழும் இடத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் முப்பது நாற்பது செ.மீ. சேர்த்துப் பார்த்தால்தான் கம்பிகளின் ஒழுங்கு புரியும், துளையை எந்தப் பக்கம் நகர்த்தலாம் என்பதும் தெரியும்.

8. திரையைப் பார்க்கப் பழகுங்கள்

நீங்கள் நிபுணராக வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். கருவி ஒரு கம்பியை நெருங்கும்போதே அதன் எதிரொலி வரத் தொடங்கி, நேர் மேலே வரும்போது மிகக் குறைந்த ஆழத்தைத் தொட்டு, விலகும்போது மறுபடியும் இறங்கும். இதனால் ஒவ்வொரு கம்பியும் திரையில் ஒரு கவிழ்த்த ‘ப’ போலல்லாமல், இரு புறமும் சரிந்த குன்று போல, வளைவாகத் தெரியும். குன்றின் உச்சிதான் கம்பி. கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓட்டியபோது, 15 செ.மீ.க்கு ஒன்றாகச் சீரான குன்றுகள் வரிசையாக வந்தன. அவை மெயின் கம்பிகள். அவற்றின் நடுவே, அந்த வரிசையில் சேராமல், ஆறு செ.மீ. ஆழத்தில் மங்கலான ஒரு குன்று தனியாக இருந்தது. அடுத்த கோட்டில் அது சற்று இடப்பக்கம் நகர்ந்திருந்தது, அதற்கடுத்த கோட்டில் இன்னும் கொஞ்சம். கம்பிகள் நேராக ஓடும். பி.வி.சி. பைப்பைத்தான் எலெக்ட்ரீஷியன் கம்பிகளுக்கு மேல் வளைத்துக் கொண்டு போவார். வளைந்து போகும் எதிரொலி எதுவாயினும் அதை மின் பைப் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. உலோகத்திலிருந்து திரும்பும் அலையும், காற்று நிறைந்த வெற்றிடத்திலிருந்து திரும்பும் அலையும் ஒன்றுக்கொன்று தலைகீழானவை. திரையில் கம்பி வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்று தெரிந்தால், வெற்றுப் பைப்போ வெற்றிடமோ கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று தெரியும். தொடங்கும்போதே ஒரு தெளிவான கம்பியைக் காட்டி, “இதன் நிற வரிசை என்ன?” என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்க் குழாய்களுக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் நீர் நிறைந்திருக்கும்போது நன்றாகவும், காலியாக இருக்கும்போது மங்கலாகவும் தெரியும். சந்தேகமான இடத்தில் குழாயை நிரப்பி ஒருமுறை, வால்வை மூடி வடியவிட்டு ஒருமுறை ஓட்டினால், மாறும் எதிரொலி குழாயுடையது.

செங்கல் சுவருக்குள் அடைக்கப்பட்ட மாடம், மூடிய வாசல், உள்ளே மறைந்த டக்ட் ஆகியவற்றைத் தேடுபவர்கள் தனித்தனிக் குன்றுகளைத் தேட வேண்டாம், சுவரின் பின்பரப்புக் கோட்டைப் பாருங்கள். ஒன்பது அங்குலச் சுவரில் அது சுமார் மூன்று நானோ வினாடியில் தொடர்ச்சியாக ஓடும். எங்காவது அது திடீரென்று முன்னால் வந்து, ஒரு முழம் போய், பிறகு பழைய இடத்துக்குத் திரும்பினால், அங்கே சுவர் மெலிந்திருக்கிறது. ஹாலோ பிளாக் சுவர்களில் இந்த முறை பலிக்காது. ஒவ்வொரு கல்லிலும் இருக்கும் ஓட்டை தன் பங்குக்கு எதிரொலித்து, படம் முழுவதையும் கலைத்துவிடும்.

கம்பியின் விட்டத்தை மி.மீ. கணக்கில் ரேடார் சொல்லாது. அப்படிச் சொல்லும் அறிக்கையைச் சந்தேகியுங்கள். கம்பிகள் மிக நெருக்கமாக இருந்தால் அவற்றுக்குக் கீழே இருப்பதும் தெரியாது. பீமின் அடிப்பகுதியிலும் தூண்களிலும் இது வழக்கம், ஆதலால் ஸ்கேனைக் காட்டி பீமில் துளையிட அனுமதி வாங்கப் பார்க்காதீர்கள். ஆழம் நம்பத்தகுந்ததா என்று பார்க்க, கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 உதவும். அதன்படி தளக் கம்பிகளுக்கு வெளியே குறைந்தது 20 மி.மீ., தூண் கம்பிகளுக்கு 40 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். உங்கள் தளத்தில் கம்பி 70 மி.மீ. ஆழத்தில் தொடங்குகிறது என்று வந்தால், வேகம் தவறு அல்லது பூச்சு மிகத் தடிமன், இரண்டில் ஒன்று.

9. குறிகளை அங்கேயே போடச் செய்து, மறுபக்கத்துக்கு மாற்றுங்கள்

கம்பிக்கு ஒரு நிறம், பைப்புக்கு ஒரு நிறம், சந்தேகத்துக்கு மூன்றாம் நிறம். அழியாத மார்க்கரையே பயன்படுத்தச் சொல்லுங்கள். சுண்ணக்கட்டிக் குறி துளையிடும் நாளில் ஊற்றும் தண்ணீரில் கரைந்துவிடும். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் ஆழத்தை எழுதச் சொல்லி, அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள்.

சீலிங்கில் போட்ட குறியை மேல்வீட்டுத் தரைக்கு மாற்றுவதில் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். “சுவரிலிருந்து 62 செ.மீ.” என்று கீழே அளந்து, அதையே மேலே அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் மேல்வீட்டுச் சுவரில் டைல்ஸ் இருக்கும், கீழே பூச்சு மட்டும் இருக்கும், இரண்டு மாடிச் சுவர்களும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. எங்கள் வீட்டில் அந்த வேறுபாடு நான்கு செ.மீ. இருந்தது. ஒரு கம்பியைத் தவறவிடவோ வெட்டவோ நான்கு செ.மீ. போதும். சரியான வழி, துளையின் மையம் என்று முடிவான இடத்தில், கம்பிகளுக்கு நடுவே, கீழிருந்து 8 அல்லது 10 மி.மீ. டிரில்லால் ஒரு பைலட் துளை போட்டு மேலே வரவைப்பது. மேலே நிரப்பு ஜல்லி இருந்தால் அதை முதலில் அள்ளிவிட வேண்டும்.

10. துளையிடும் நாள்

குறியிட்ட படங்களைக் கட்டமைப்புப் பொறியாளரிடம் காட்டி, துளையின் இடத்துக்கு ஒரு வரியில் எழுத்துபூர்வமான ஒப்புதல் வாங்குங்கள். எனக்கு அவர் துளையை ஏழு செ.மீ. நகர்த்தச் சொன்னார். அதனால் குழாயின் சரிவு சற்று மாறியதே தவிர, ஒரு கம்பியும் வெட்டப்படவில்லை.

மின்சாரத்தை அணைக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் தரைத் தளத்துக்குள் ஓடுவது பெரும்பாலும் உங்கள் வயர் அல்ல, கீழ்வீட்டாரின் விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும் வயர். உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதியாக இருந்ததால்தான் எனக்கு முதல் விபத்தே நேர்ந்தது. கீழ்வீட்டு எம்.சி.பி.யையும் அணைத்து, அங்கே ஒருவரை நிறுத்துங்கள். வயரில் மின்னோட்டம் இருக்கிறதா இல்லையா என்பதை ரேடார் சொல்லாது.

கோர் பிட் இறங்கும்போது சத்தம் மாறினாலோ, வெளியேறும் சேற்று நீரில் பளபளக்கும் உலோகத் துகள் தெரிந்தாலோ உடனே நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்த மனமில்லாத ஆட்கள் “இதோ முடிந்துவிட்டது” என்பார்கள். விலைப்புள்ளியிலேயே “உலோகம் தென்பட்டால் நிறுத்த வேண்டும்” என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அந்த நேரத்தில் வாக்குவாதம் இருக்காது.

வெளியே எடுத்த கான்கிரீட் உருளையைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் பக்கவாட்டை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தடிமனை அளந்து எழுதி வையுங்கள். அறிக்கை, குறிகளின் படங்கள், பொறியாளரின் கடிதம் ஆகியவற்றின் நகல் ஒன்றைச் சங்கத்தின் கோப்பில் சேர்த்துவிடுங்கள். எங்கள் மாடிக்கு நேர் மேலே இருப்பவர் இப்போது அதே இடத்தில் குழாய் மாற்றப் போகிறார், அவருக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய பரப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது.